சிவப்பு ஒயினும் புளியமர நிழலும்

மூன்று வருடங்களுக்கு முன், கத்திரி வெயில் நாளொன்றில், கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளைச் சாலையில் நடந்தது இது. திருவிழாவையொட்டிக் குதிரை வண்டிப் பந்தயம் என்று சுவரொட்டி பார்த்தேன். வெளிநாட்டில் கோடைகாலத்தில் தொப்பி வைத்துக்கொண்டு குதிரைப் பந்தயத்துக்குப் போவார்கள், புல்வெளியில் சிவப்பு ஒயின் குடித்தபடி அரட்டையடிப்பார்கள் என்று நிறையப் படித்திருக்கிறேன். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

அலுவலக நண்பர்கள் இரண்டு பேரைக் கிளப்பினேன். ஒருவர் கோவைக்காரர், மற்றவர் திருநெல்வேலிக்காரர். ஒயின் என் பொறுப்பு. ஒயினைப் பற்றி மூன்று புத்தகம் படித்தவன் விலைப்பட்டியலில் கீழிருந்து இரண்டாவதைத்தான் வாங்குவான். கடைசியை வாங்கினால் கஞ்சன் என்பார்கள். சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில்தான் அருந்த வேண்டும், குளிர வைப்பது பாவம் என்று சொல்லி, ஐஸ் வாங்கக் கிளம்பிய கோவைக்காரரையும் தடுத்துவிட்டேன். அந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் அறை எதுவும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஏழு மணிக்குப் பந்தயம் என்றார்கள். எட்டரைக்கு, சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார் என்று ஒலிபெருக்கி சொன்னது. பத்து மணிக்கும் சொன்னது. பதினொன்றரைக்கும் அவர் வந்துகொண்டேதான் இருந்தார். கொடியசைக்க ஒரு பெரிய மனிதர் இல்லாவிட்டால் நம் ஊரில் குதிரைக்குக்கூடக் கால் எழாது.

நாங்கள் காரை முடிவுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தோம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிழல் அது ஒன்றுதான். ஊரே வெயிலில் நிற்க, அந்த மரத்தடி மட்டும் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று மூன்று பட்டதாரிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே ஒரு டிரம் தண்ணீரும் நாலைந்து சாக்கும் வேறு இருந்தன. சாக்கை விரித்து உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளர்களில் ஒயினை ஊற்றினேன்.

"ஏனுங்க, இது ஆறிப்போன ரசமாட்ட இருக்குதுங்களே" என்றார் கோவைக்காரர்.

"எங்க வே ஆறிருக்கு, இன்னும் கொதிக்கி" என்றார் திருநெல்வேலிக்காரர். "இதக் குடிச்சிட்டா வெள்ளைக்காரன் நாட்டப் பிடிச்சான்?"

முதல் மடக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். கடைசி மடக்கும் அப்படித்தான் இருந்தது. விருந்தினர் வருவதற்குள் இரண்டு பாட்டிலும் காலி.

உச்சி வெயிலில் கொடி அசைந்தது. ஏழு வண்டிகள் எங்களைக் கடந்தன என்று பின்னால் சொன்னார்கள்; நாங்கள் பார்த்தது புழுதியை. அது அடங்குவதற்குள், வண்டியிலிருந்து அவிழ்த்த குதிரையொன்றை நடத்திக்கொண்டு பனியன் போட்ட ஒருவர் நேரே எங்களிடம் வந்தார். குதிரையின் வாயில் நுரை. விலா எலும்புகள் துருத்தி ஏறி இறங்கின.

"இன்னா சார், இங்க போட்டுகினு கீறீங்க? வண்டிய எடு. குதுர நெழல்ல நிக்கணும்."

அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் குதிரைக்கு, சாக்கு அதன் முதுகில் நனைத்துப் போட, மரத்தடி அது நின்று மூச்சு வாங்க. ஊருக்கே தெரிந்த ஏற்பாடு.

வாழ்நாளில் என் ஒழுக்கம் வேறெப்போதும் இவ்வளவு தவறான நேரத்தில் விழித்ததில்லை. நாங்கள் மூவரும் குடித்திருக்கிறோம், வண்டியை எடுப்பது குற்றம் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"பத்தடிதானுங்களே, எடுத்துருங்க" என்றார் கோவைக்காரர்.

"சுத்திப் புள்ளைங்க நிக்கி. ஒருத்தரும் சாவியத் தொடக்கூடாது" என்றார் மற்றவர்.

சரி, யாராவது டிரைவருக்குப் போன் செய்யலாமா என்று நான் யோசனை சொன்னேன். குதிரையின் முன்னங்கால்கள் நடுங்கி மடங்கப் பார்த்தன. அந்த மனிதர் அதன் கழுத்தைத் தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

"சார், இது படுத்துச்சின்னா எழுந்துக்காது. மாமல்லபுரம் பீச்சில இது நாலு பேர சொமந்தாதான் என் வூட்ல சோறு."

நான் போனில் டிரைவர் எண்ணைத் தேட ஆரம்பித்தேன். அவரே சொன்னார்:

"உன்ன யாரு சார் ஓட்டச் சொன்னாங்க? நியூட்ரல்ல போட்டு ஸ்டேரிங்க புடி. நாங்க தள்ளிக்கிறோம்."

மூன்று பட்டப்படிப்புக்கும் எட்டாத யோசனை. பத்துப் பேர் ஓடிவந்து தள்ள, நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து வெயிலுக்குள் ஊர்வலம் போனேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்த சாக்குகளை நனைத்துப் போர்த்தினார்கள். கால்களில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கால் மணி நேரம் அந்தக் குதிரையைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை. கடைசியில் அது ஒரு காதை அசைத்தது. வாளிக்குள் வாயை விட்டு, சத்தமாக உறிஞ்சிக் குடித்தது. அந்த மனிதர் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

திட்டு விழும் என்று வெயிலிலேயே நின்றிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு சார் வெய்யில்ல நிக்கிற? குடிச்சிட்டு வேற கீற, மயக்கம் வரும். இப்பிடி வந்து நில்லு. குதுரைக்குப் பின்னால மட்டும் போவாத, ஒதைக்கும்."

குதிரைக்குப் பக்கத்தில், அது விட்டுக்கொடுத்த இரண்டடி நிழலில் நின்றேன். மாலை பஸ் பிடித்து வீடு வந்தோம். கார் மறுநாள்தான் வந்தது.

யாரும் நிற்காமல் ஒரு நிழல் காலியாகக் கிடந்தால், இப்போதெல்லாம் பக்கத்தில் ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை நிறுத்துகிறேன். இன்னும் ஓடி முடிக்காத யாருக்காகவோ அதை வைத்திருக்கலாம்.