ஓட்டையில்லாத பேணியில் லவெண்டர்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் அறை கிடைப்பது பெரிய காரியமில்லை. பொலிஸ் படிவத்தில் பெயர் ஏறுவதுதான் பெரிய காரியம். வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை வீட்டுக்காரர் எழுதி, பொலிஸில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். பெயரில்லாதவன், ஆமி வீடுவீடாகத் தேடும் சுற்றிவளைப்பு நாளைப் பொலிஸ் நிலைய வாங்கில் குந்தியிருந்து கழிப்பான். என் பெயர், பின்னறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்த அன்ரியின் கையில் இருந்தது.

லண்டனிலிருந்த மகள் அவருக்கு லவெண்டர் விதை அனுப்பியிருந்தாள். அன்ரி அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, "பூத்துக் குலுங்குது பிள்ளை, வீடெல்லாம் வாசம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். நான்கு மாதத்தில் வந்து பார்க்கிறேன் என்றாள் மகள்.

"தம்பி, நீர் கனக்கப் புத்தகம் படிக்கிறனீர். இதை வளர்த்துத் தாரும்."

"குளிர் நாட்டுச் செடி அன்ரி, இங்க வராது."

"வராட்டி உம்மட அறைக்கு வேற ஆள் பாக்கிறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மகள் வரும் கிழமைதான் படிவமும் புதுப்பிக்க வேண்டும்.

தலைமயிர் வெட்டிய நாளைக்கூட எழுதிவைப்பவன் நான். லவெண்டருக்கு ஒரு கொப்பியே போட்டேன். மூன்று கிழமை விதைகள் பிரிட்ஜில், சீலா மீனுக்குப் பக்கத்தில், மாரிகாலம் அனுபவித்தன. கடல்மணலை ஏழு தண்ணீரில் கழுவி மண்ணோடு கலந்தேன். இருபத்திநான்கில் ஐந்து முளைத்தன. பால்மா வந்த தகரப் பேணிகளின் அடியில் ஓட்டை போட ஆணியும் சுத்தியலும் எடுத்தபோது அன்ரி வந்தார்.

"உதில ஓட்டை போட்டா ஊத்தைத் தண்ணி வடிஞ்சு என்ர சிவப்பு நிலம் பழுதாப் போடும். அளவாத் தண்ணி விட்டாச் சரி."

அது சனிக்கிழமைதோறும் பொலிஷ் போட்டு மினுக்கிய விறாந்தை. ஓட்டை போடு என்றது புத்தகம். ஆனால் படிவத்தில் கையெழுத்து வைப்பது புத்தகமல்ல. ஆணியைத் திருப்பி வைத்தேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் முதற்செடி செத்தது. அறுபத்துநான்கு, எழுபத்தொன்று, எழுபத்தொன்பது என்று இன்னும் மூன்று. காரணம் என்ற இடத்தில் உப்புக்காற்று, காலி வீதிப் புகை, கடற்கரை ரயிலின் அதிர்வு என்றெல்லாம் எழுதினேன். ஓட்டையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

எண்பத்துமூன்றாம் நாள், ஞாயிறு காலை, சுற்றிவளைப்பு. ஒரு சிப்பாய் விறாந்தைக்கு வந்தான். சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிடும் வயது. கையில் துவக்கு இருந்ததால் மாத்தையா ஆனான்.

"மேக்க மொகக்த?" என்று, மிஞ்சியிருந்த, மஞ்சளாகிப்போன ஒற்றைச் செடியைக் காட்டி, இது என்னவென்று கேட்டான்.

"லவெண்டர், மாத்தையா."

அவன் நம்பவில்லை. மண்ணுக்குள் ஏதும் புதைத்து வைத்திருக்கிறேனா என்று இரும்புக் கம்பியால் குத்தினான். கம்பி பேணியின் அடியால் வெளியே வந்தது. கூடவே, மாதக்கணக்கில் தேங்கிய கறுப்புத் தண்ணீர்.

"ஐயோ, என்ர நிலம்!"

என்னைச் சுவரோரம் நிறுத்தியபோது வாய் திறக்காத அன்ரி போட்ட சத்தத்தில் சிப்பாய் இரண்டடி பின்வாங்கினான். படிவத்தில் என் பெயரைப் பார்த்தான், போய்விட்டான்.

நாலாம் நாள் புதுத் தளிர். அரசாங்கம் என் தோட்டத்துக்குச் செய்த ஒரேயொரு உதவி அது.

மகள் வந்தபோது செடி நான்கு விரல் உயரம். இலையைக் கசக்கி மணந்தாள்.

"வாசம் சரி. பூ எங்க அம்மா?"

"ஆமி வந்து கம்பியால குத்திப்போட்டாங்கள் பிள்ளை, பார் ஓட்டையை! அதுக்கு முதல் எவ்வளவு பூ! தம்பி, நீர் நாள் எழுதி வைக்கிறனீர், சொல்லும்."

மேசையில் புதுப் படிவம். முதல் வரியில் அன்ரியின் பெயர், இரண்டாம் வரி வெறுமை.

"எழுபத்தோராம் நாள் பூத்தது," என்றேன். "செவ்வாய்க்கிழமை."

அன்ரி பேனையை எடுத்தார்.

அன்று பின்னேரம் கொப்பியைத் திறந்து, எழுபத்தோராம் நாளில் 'மூன்றாவது செடி சாவு' என்றிருந்ததன் கீழே 'பூ' என்று எழுதிவைத்தேன். அடுத்த சுற்றிவளைப்பில் யார் எதைக் கேட்பார்களோ.