வெர்லின் கோகரும் ஓசிக் கண்ணாடியும்

வெர்லின் கோகருக்கு யாரிடமும் சும்மா வாங்கிப் பழக்கமில்லை. அவன் மனைவி இறந்தபோது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலிருந்தும் சாப்பாடு போயிற்று. கொஞ்ச நாளில் பாத்திரங்கள் திரும்பி வந்தன. ஒன்றுகூட வெறுமையாக வரவில்லை. என்னுடையதில் மண் போகக் கழுவிய உருளைக்கிழங்கு இருந்தது. வெஸ்ட் வர்ஜீனியா மலைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான். வெர்லின் கொஞ்சம் அதிகம்.

லாரியும் டிராக்டரும் பழுது பார்க்கும் கொட்டகை வைத்திருக்கிறான். ஒரே மகள் டெஸ்ஸா. அவளுக்குச் சடை பின்ன அவன் கற்றுக்கொண்டது என்னிடம்தான். கயிறு முறுக்குவது போலப் பின்னுவான், ஆனால் அவிழாது.

நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். வயதானபின் பள்ளிக்கூட மருத்துவ அறைக்கு வந்தேன். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வோம். டெஸ்ஸா எப்போதும் தப்பில்லாமல் படிப்பாள். அவளுக்குப் பதினொரு வயதானபோது, புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிப்பதைப் பார்த்தேன். அந்த வருஷச் சோதனையில் அவள் வந்து நின்றதும் அட்டையை மாற்றினேன். அவள் பழைய அட்டையின் எழுத்துகளையே கணீரென்று சொன்னாள்.

"முன்னாடி நின்னவங்க சொன்னதக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டியா?" என்றேன்.

"காது நல்லா கேக்குதுல்ல, ஓபல் அத்தை? அதுக்கு மார்க் போடுங்க."

மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும் உண்மையைச் சொன்னாள். அந்த வருஷ மான் வேட்டைக்கு அப்பா அவளையும் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தான். கண் சரியில்லாதவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பதும் அவன் வாயிலிருந்து வந்ததுதான். கண்ணாடி போட்டால் வேட்டை போச்சு என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

நல்ல வேளையாக, அந்த வாரமே சார்ல்ஸ்டனிலிருந்து கண் பரிசோதனை வண்டி வரவிருந்தது. வந்தால் இரண்டு நாள் நிற்கும், பிறகு அடுத்த வருஷம்தான். பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், கண்ணாடியும் செய்து தருவார்கள். பாதிப் பேர் அனுப்பவில்லை. பெற்றோருக்கு அக்கறையில்லை என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுப்பியிருந்த தாளில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் 'இலவசம்' என்று போட்டிருந்தது. எங்கள் ஆட்களை விரட்ட வேறெதுவும் வேண்டாம்.

வண்டி வந்த முதல் நாள் டெஸ்ஸாவின் பெயர் கூப்பிடப்படவில்லை. சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். வெர்லின் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தான். அங்கிருந்தபடியே பதில் சொன்னான். கை கால் நல்லாத்தான் இருக்கிறது, மகளுக்கு ஓசியில் வாங்கிக் கொடுக்கும் நிலை வரவில்லை, தேவைப்பட்டால் டவுனில் அவனே வாங்கித் தருவான். டவுன் கண்ணாடிக் கடையில் பிப்ரவரிக்கு முன்னால் தேதி கிடைக்காது என்றேன். அப்போ பிப்ரவரி என்றான். அவளுக்குக் கண்ணில் ஒன்றுமில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

டெஸ்ஸா வாசலில் நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். இனி சுற்றி வளைப்பதில் பயனில்லை.

"டெஸ்ஸா, ஹிங்கிள் வீட்டு மேட்டுல நிக்குதே, அது என்ன?"

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிறைய நேரம் பார்த்தாள். "பெட்டை மான்" என்றாள்.

வெர்லின் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து பார்த்தான். மேட்டில் நின்றது ஹிங்கிளின் கன்றுக்குட்டி. அதன் பக்கத்திலேயே பழுப்புச் சட்டையில் ஹிங்கிள் குனிந்து வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அவரை அவள் பார்க்கவே இல்லை.

வெர்லின் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"காலைல கூட்டிட்டு வரேன், அத்தை. ஆனா சும்மா வாங்க மாட்டேன்."

மறுநாள் டெஸ்ஸாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு கையில் கையெழுத்துப் போட்ட தாள். இன்னொரு கையில் மூடி போட்ட பெரிய பாத்திரம். போன வருஷ மான்கறியும் பீன்ஸும் போட்டு இரவே வேகவைத்தது. வண்டி வாசலில் டாக்டர் ஃபென்டன் நின்றிருந்தாள், சின்ன வயசுக்காரி. பாத்திரத்தைப் பார்த்ததும் பின்வாங்கினாள். யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்பது அவர்கள் விதியாம். மரியாதையாகத்தான் சொன்னாள். வெர்லின் தலையை ஆட்டிவிட்டு மகளின் தோளைப் பிடித்து லாரிப் பக்கம் திருப்பினான்.

நான் பாத்திரத்தை அவன் கையிலிருந்து வாங்கினேன். கனமாக இருந்தது.

"நேத்து மத்தியானம் என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"காசு போடுற மெஷின்ல பிஸ்கட் இருந்துச்சு."

"நீங்க ஒண்ணும் வாங்க வேண்டாம். இது எங்க சமையலறைக்குப் போகுது. பன்னெண்டு மணிக்கு அங்க வந்து உக்காந்து சாப்பிடுங்க. சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கா?"

அவள் பின்னால் நின்ற டிரைவர் முந்திக்கொண்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றான். டாக்டர் சிரித்துவிட்டாள்.

வெர்லின் நின்றுவிட்டான். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றான், யாரையும் பார்க்காமல். டெஸ்ஸா படியேறி உள்ளே போனாள். அங்கே எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் செய்ய முன்னால் யாரும் இல்லை.

மத்தியானம் அவர்கள் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். அவசரத்தில் பாத்திரமும் வண்டியோடு சார்ல்ஸ்டனுக்குப் போய்விட்டது. மற்றப் பிள்ளைகளின் கண்ணாடிகள் ஒரே பெட்டியில் வந்தபோது, டெஸ்ஸாவுடையது மட்டும் தனியாக வந்தது. கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பார்சலைப் பிரித்தால் உள்ளே வெர்லினின் பாத்திரம், தேய்த்துப் பளபளவென்று. மூடியைத் திறந்தால் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பொட்டலம் ஆப்பிள் மிட்டாய்.

டெஸ்ஸா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது அப்பாவின் முகத்தை. "இப்பவும் வேட்டைக்குப் போறோமா?" என்றாள்.

"ஹிங்கிள் தெரியுறாரா?"

"தெரியுறாரு. மூக்கைத் தொடைக்கிறாரு."

"அப்ப போறோம்" என்றான். பிறகு மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்து முனகினான். "இப்ப மறுபடி நான்தானே குடுக்கணும், அத்தை."

அடுத்த வருஷம் தாளிலிருந்து 'இலவசம்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். வண்டி வந்த அன்று சமையலறை மேசையில் இடமில்லாமல் பாத்திரங்கள். வெர்லினுடையது இரண்டு.