மீதியை எழுந்து சொல்லுங்க

"உங்க வீட்டுல ஆலிவ் எண்ணெயை எதுல ஊத்தி வைப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் ரிஹாப் ஊசியை மெல்ல அழுத்துகிறாள். அறுவை மேஜையில் படுத்திருக்கும் அம்மாள், "மண்ஜாடியிலதான். பிளாஸ்டிக்ல ஊத்துனா என் மாமியார் வந்து..." என்கிறாள். மாமியார் வந்து என்ன செய்வாள் என்பது அந்தரத்தில் நிற்க, கண்கள் செருகுகின்றன. ரிஹாப் அவள் காதருகே குனிந்து, "மீதியை எழுந்து சொல்லுங்க" என்கிறாள்.

எழுந்ததும் விடமாட்டாள். நாக்குக் குழறக் குழறக் கேட்டு வாங்கிவிடுவாள். ஸ்ஃபாக்ஸ் நகரத்து மாமியார்களில் பாதிப் பேரின் வண்டவாளம் அவளுக்கு அத்துப்படி.

"நீ மயக்க டாக்டரா, வம்பளக்குற கிழவியா?" என்பார் பேராசிரியர் லஸ்அத்.

"ரெண்டும்தான் சார். பேச்சு நின்னாத்தானே மயக்கம் வந்துச்சான்னு தெரியுது?"

பழைய திரைச்சீலையில் தானே தைத்துக்கொண்ட தொப்பி, அதில் நீல மீன்கள். காலுறைகள் ஜோடி சேர்ந்து யாரும் பார்த்ததில்லை. ஹரிஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியை ஜன்னலோரம் நின்றபடியே தின்பாள். ஊரையே தூங்க வைப்பவள், பஸ்ஸில் தூங்கிப்போய்த் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்குவாள்.

மயக்கவியல் படித்து முடித்துவிட்டு, இப்போது தீவிர சிகிச்சையில் ஃபெல்லோஷிப் பயிற்சியில் இருக்கிறாள். அறுவை அரங்கில் தூங்கியவர்கள் சாப்பாட்டு வேளைக்குள் எழுந்துவிடுவார்கள். இந்த வார்டில் தூக்கம் நாள்கணக்கில் நீளும். வெள்ளைத் திரை வழியே வெயில் தண்ணீர்போல அசைந்து வரும். இயந்திரங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். கடலுக்கடியில் நடமாடுகிற மாதிரிதான் இருக்கும் அவளுக்கு. இங்கே சில பேச்சுகள் பாதியிலேயே நின்றுபோகும் என்பதை அவளால் இன்னும் ஏற்க முடியவில்லை.

கெர்கென்னா தீவிலிருந்து தீஜானி என்ற மீனவரைக் கொண்டுவந்தார்கள். நுரையீரலில் சளி கட்டி, மூச்சுக்குத் தவித்தார். உடனே தூங்க வைத்துக் குழாய் போட வேண்டும். "பேச்சே கூடாது, சீக்கிரம்!" என்றார் பேராசிரியர். ஆனால் பெரியவர் பயத்தில் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"சாச்சா, கடல்ல பானையை இறக்கித்தானே ஆக்டோபஸ் பிடிக்கிறீங்க? வீடுன்னு நெனச்சு உள்ள போய்ப் படுத்துக்கிட்டதை எப்படி வெளிய எடுப்பீங்க?"

"இழுத்தா... வராது மகளே. செத்தாலும் விடாது. கொஞ்சமா..."

கை தளர்ந்தது.

"மீதியை எழுந்து சொல்லுங்க, சாச்சா."

நுரையீரல் தேறியது. தூக்க மருந்தை நிறுத்தினார்கள். பெரியவர் எழவில்லை. தினமும் காலையில் அவர் காதில், "கொஞ்சமா என்ன சாச்சா?" என்று கேட்டாள். இயந்திரம்தான் பெருமூச்சு விட்டது. அவர் காதில் விழுந்த கடைசிக் குரல் தன்னுடையதாகிவிடுமோ என்று பயந்தாள். பயத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் வாயாடினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி மப்ரூக்காவுக்கு விஷயம் எட்டியது. அவள் சிரித்தேவிட்டாள். "இதுக்கா இத்தனை நாளா அந்த மனுசனைப் போட்டு நச்சரிக்கிறே? எங்க தீவுல பால்குடி மறக்காத புள்ளகூடச் சொல்லுமே! பானை வாயில..."

ரிஹாப் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். "வேணாம் சாச்சி! நீங்க சொல்லிட்டா, அவர் எழுந்து என்னத்தைச் சொல்வார்?"

மப்ரூக்காவின் சிரிப்பு நின்றது. வாயைப் பொத்திய அந்தக் கையையே பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு ஒரு காலை, ஜன்னலோரம் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது நர்ஸ் சுஆத் கூப்பிட்டாள். "டாக்டர், ஓடி வாங்க! கண்ணைத் தொறந்துட்டாரு!"

ரொட்டியோடு ஓடினாள். வாயில் குழாய், குரல் வராது. பெரியவர் எங்கோ தூரத்திலிருந்து பார்ப்பவர்போல அவளைப் பார்த்தார். அவர் காதருகே குனிந்து, "கொஞ்சமா...?" என்றாள்.

இடது கை மெதுவாகக் குழிந்து பானையானது. அதற்கு மேலே வலது கையின் மூன்று விரல்கள் ஒன்றுசேர்ந்து உரசிக்கொண்டன.

"ஐயோ பாவம், பசி போல. குஸ்குஸுக்கு உப்புக் கேக்குறாரு!" என்றாள் சுஆத்.

ரிஹாப் கண்ணில் நீர் வழிய, தன் விரல்களையும் சேர்த்து, குழிந்த அந்தக் கைக்குள் இல்லாத உப்பைக் கொஞ்சமாகத் தூவினாள். பானை அசைந்தது. உள்ளிருந்து ஒவ்வொரு விரலாக வெளியே நெளிந்து வந்து, அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.