புகை மெஷினும் செல்வி வீட்டுப் புழுவும்

இரண்டு வாரம் முன்பு இண்டூரில் எங்கள் தெருவுக்கு ஒரு சினிமா கம்பெனி வந்தது. ஜெனரேட்டர் வண்டி, கேரவன், குடை, நாற்காலி... பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்த என்னிடம் ஒருவன் சொல்கிறான் – "சார், ஃபிரேம்ல நிக்காதீங்க."

என் வாசல். அவன் ஃபிரேம்.

எனக்குக் கோபம் வரும் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் தெருவே குஷியாக இருந்தது. எதிர்வீட்டு மாதம்மா, கல்யாண வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தில் நடிக்க முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கக் கம்பெனி பவுடர். "மூக்குத்தி தெரியுதுங்களா?" என்று என்னிடம் கேட்டார். தெரிகிறது என்றேன். அவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

பிறகுதான் புகை மெஷினை இறக்கினார்கள்.

காலைப் பனியில் தெருக்கூட்டத்துக்கு நடுவே கதாநாயகி பட்டுப்புடவையில் நடந்து வரும் காட்சியாம். மணி பத்தரை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. விடியற்காலையில் எங்கள் ஊரில் பனி சும்மாவே இறங்கும். அப்போது இவர்கள் லாட்ஜில் தூங்குகிறார்கள். அப்புறம் எழுந்து வந்து பனி தயாரிக்கிறார்கள்!

மெஷினை எங்கே வைத்தார்கள்? செல்வியின் புழு மனையை ஒட்டி.

புழு மனை என்றால் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை. செல்வியின் புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டு ராப்பகலாக மல்பெரி இலை தின்றுகொண்டிருந்தன. இன்னும் ஓரிரு நாளில் கூடு கட்டும். இந்த நேரத்தில் புகை அடைத்தால் தீனியை நிறுத்திவிடும். செத்தும் போகும். அதனால் தெருவில் யார் மனையில் புழு இந்தக் கட்டத்துக்கு வந்தாலும், மற்றவர்கள் குப்பை கொளுத்த மாட்டார்கள். வயலுக்கு மருந்தடிப்பதைத் தள்ளிப்போடுவார்கள். போர்டெல்லாம் கிடையாது. "புழு பெரிசாயிடுச்சு" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

அந்த வார்த்தையைச் சினிமாக்காரர்களிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இதுகூடத் தெரியாத ஆட்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று நினைக்காதது எங்கள் தெருவின் முட்டாள்தனம்.

செல்வி என்னிடம் ஓடிவந்தாள். "அண்ணா, போன தடவை நோய் வந்து பாதிப் புழுவைக் குழியில கொட்டினேன். இதுவும் போச்சுன்னா மனைய மூடிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குத்தான் போகணும். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா."

போனேன். பல வார்த்தை சொன்னேன். சிலதை இங்கே அச்சிட முடியாது.

"சார், பெர்மிஷன் வாங்கிட்டுத்தான் வந்திருக்கோம்" என்றார் கம்பெனி மேனேஜர்.

"புழுகிட்ட வாங்கினியா?"

அவர் என்னை விட்டுவிட்டு செல்வி பக்கம் திரும்பினார். "பத்து நிமிஷம்மா. புழுதானே?"

அதுவரை செல்வியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தப் 'புழுதானே'யில் அது வற்றிவிட்டது.

"புழுதாங்க. அங்க ஹீரோயினுக்குக் குடை புடிச்சு உக்கார வச்சிருக்கீங்களே, அந்தம்மா கட்டியிருக்கற பட்டுப்புடவை என்ன மரத்துலயா காய்ச்சுது?"

தெரு சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. மெஷின்காரரிடம் கையைக் காட்டினார் – போடு.

மாதம்மா எழுந்தார். முந்தானையால் முகத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தார்.

"புகை போட்டா நாங்க ஒருத்தரும் நடிக்க மாட்டோங்க. ஆளில்லாத தெருவைப் புடிச்சிக்கோங்க." பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "எழுந்திருங்கடி" என்றார்.

"பவுடரையாச்சும் விட்டு வைக்கலாமில்லக்கா?" என்றாள் ஒருத்தி.

"வாயை மூடிட்டு வா."

மொத்தக் கூட்டமும் போய்ப் புகை மெஷினைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. இனி கதாநாயகி எந்தக் கூட்டத்துக்கு நடுவே நடந்து வருவார்?

டைரக்டரே வந்தார். சின்ன வயசு. செல்வி அவரை மனையின் வலைக்கதவு வரை கூட்டிப் போனாள். "வெளிய நின்னே கேளுங்க" என்றாள். உள்ளே ஆயிரக்கணக்கான வாய்கள் இலையை அரிக்கிற சத்தம்... தகரத்தில் தூறல் விழுவது போல. அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"மெஷினை வண்டில ஏத்துங்க. வெயில்லயே எடுத்துக்கலாம்."

எத்தனையோ கிளைமாக்ஸ் பார்த்திருக்கிறேன். புகை மெஷின் திரும்ப லாரியில் ஏறியதுபோல ஒரு கிளைமாக்ஸ் பார்த்ததில்லை. விசிலடித்தேன். என் வயசுக்கு அது அழகில்லை என்று வீட்டில் சொன்னார்கள். அழகு யாருக்கு வேண்டும்? மாதம்மா மறுபடி பவுடர் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல நடித்துவிட்டு வந்தார்.

இவர்களுக்கு நம் ஊர் 'லொகேஷன்'. லொகேஷனில் யாரும் எதையும் வளர்ப்பதில்லை, எதுவும் பசித்துக் கிடப்பதில்லை. கேமராவை வைத்தால் போதும். வளர்ப்பதும் பசிப்பதும் நடக்கிற இடத்துக்கு ஊர் என்று பெயர். ஊருக்குள் வருகிறவன் முதலில் கேட்க வேண்டும். கேட்கவில்லையா... உட்கார்ந்துகொள்வோம்.

செல்வியின் புழுக்கள் கூடு கட்டின. தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு மூட்டைகளோடு நானும் போனேன். வியாபாரி ஒரு கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டினார். விரலால் அழுத்தினார். அடியில் கையை விட்டு இன்னும் நாலைந்தை எடுத்துப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"இண்டூருங்க."

"அடுத்ததும் இங்கயே கொண்டா."

"கொண்டாரேங்க" என்றாள்.

ஷூட்டிங் நடந்த ஊர் என்று அவள் சொல்லவில்லை. அந்தக் கூட்டைப் பார்த்த பிறகு அதை யார் கேட்கப் போகிறார்கள்?