ஃபேர்வெல் சேலையும் என் வயிற்றெரிச்சலும்

சேலை கட்டி விடுகிற தொழிலில் வாயைத் திறக்க முடியாது. உதட்டுக்கு நடுவில் எப்போதும் நாலைந்து ஊக்கு இருக்கும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிற என்னைப் போன்றவளுக்கு அது வசதிதான். ஆனால் உள்ளே ஏறுகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஜாக்கெட் தைக்கிறவர்களே, மருதாணி போடுகிறவர்களே, பார்லரில் நிற்கிறவர்களே, பிளஸ் டூ பிள்ளைகளின் ஃபேர்வெல் சீசனில் மாட்டியவர்கள் யாராக இருந்தாலும் சரி, உங்களுக்கு இது புரியும்.

எனக்குச் சொந்த ஊர் நாகரசம்பட்டி. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கொஞ்ச நாள் மாங்கூழ் ஃபேக்டரி, அப்புறம் பதினேழு வயதில் கல்யாணம். இப்போது ராயக்கோட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு ஷிஃப்ட் போகிறார். நான் ஒரு பார்லரில் கூட்டிப் பெருக்கும்போது பார்த்துப் பார்த்துச் சேலை மடிக்கக் கற்றுக்கொண்டு, இரண்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கட்டி விடுகிறேன்.

காப்பர் சல்பேட்

பயாலஜி குரூப் பெண்கள் எல்லாரும் ஒரே கலரில் வருவதாக வாட்ஸ்அப்பில் முடிவு செய்தார்களாம். என்ன கலர்? காப்பர் சல்பேட் நீலம். கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த கலர். ஆனால் சேலை லேபிலிருந்தா வருகிறது, அம்மாவின் பீரோவிலிருந்து அல்லவா வருகிறது? ஒன்று மயில் கழுத்து, ஒன்று வானம், ஒன்று இங்க் பாட்டில். "ஏங்கா எல்லாருக்கும் வேற வேறயா இருக்கு?" என்று என்னைக் கேட்கிறார்கள், நான்தான் சாயம் போட்டது போல!

இதற்குள் விரித்துப் போட்ட சேலை மேல் என் மகள் பிஸ்கட்டோடு உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்குவதற்குள் வாசலில் ஒரே அழுகை. என்னவோ ஏதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால், தெருவில் காமர்ஸ் பெண்கள் இரண்டு பேர் நீலச் சேலையில் போகிறார்கள். அழுதவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "காப்பர் சல்பேட்னா என்னன்னே தெரியாதுங்கா அவளுங்களுக்கு, எங்க கலரைத் திருடிட்டாளுங்க!"

இரண்டு உயரம்

ஒரு தெலுங்குக்கார அம்மா மகளோடு வந்தார். நான் முந்தானையில் ஊக்குக் குத்தக் குத்த, "பைகி, பைகி" என்று மேலே ஏற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏற்றி ஏற்றி, பெண் மூட்டை கட்டிய மாதிரி ஆகிவிட்டாள். அம்மா செருப்பு மாட்ட வெளியே போனதும் பெண் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கச் சொன்னாள். இறக்கினேன். அம்மா திரும்பினார், ஏற்றினேன். பள்ளிக்கூட வாசலில் மிஸ் ஒருத்தர் ஊக்கோடு நின்று இன்னும் மேலே ஏற்றுவாராம்.

ஒரு பெண்ணின் இடுப்புக்கு ஊர் முழுக்க வாட்ச்மேன். பையன்களை யாரும் எங்கேயும் பிடித்து இழுக்கவில்லையே என்று எனக்கு எரிந்தது. அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் கவலை இல்லை. போகும்போது காதோடு கேட்டாள்: "வீட்டுக்கு ஒரு உயரம், ஸ்கூலுக்கு ஒரு உயரம்னு கட்ட முடியாதாக்கா?"

ஒட்டிக்கோ வேட்டி

பையன்களுக்கு நான் கட்டி விடுவதில்லை. ஆனாலும் மூன்று பேர் பைக்கில் வந்து நின்றார்கள். ஒட்டிக்கோ வேட்டி, அதை ஒட்டத் தெரியவில்லை. உள்ளே ஜீன்ஸ் வேறு. தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை எழுப்பி விட்டேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மனுஷன், பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டி விட்டார்.

எனக்கு இருபத்து மூன்று வயதுதான் ஆகிறது. வந்த பையன்களில் ஒருத்தனுக்கு மீசைகூட முளைத்துவிட்டது. கிளம்பும்போது கையை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனான்: "தேங்க்ஸ் ஆன்ட்டி, அங்கிள் செமையா கட்றாரு!"

தனி போட்டோ

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைக் கோபம். பவித்ராவைப் பற்றிச் சொன்னால்தான் என் வயிறு எரிவது தெரியும்.

அவளும் பயாலஜி குரூப்தான். அம்மா இல்லாத பிள்ளை. அப்பா தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர். அத்தைதான் வளர்த்தது. நர்சிங் படிக்க வேண்டும் என்று எந்நேரமும் அதே பேச்சு. சேலை கட்டி முடித்ததும், தோழிகள் அவளைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். அத்தை எல்லாரையும் விலக்கிவிட்டு, அவளை மட்டும் என் வீட்டுச் சுவரோரம் நிறுத்தி, மேலிருந்து கீழே வரை போட்டோ எடுத்தார். பவித்ரா சிரித்துக்கொண்டுதான் நின்றாள், ஃபேர்வெல் போட்டோ என்று நினைத்துக்கொண்டு. தோழிகளும் கூட நிற்கட்டுமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். அத்தை திரும்பிப் பார்த்து, "கூட்டமா நின்னா மாப்பிள்ளை வீட்டுக்கு எது பொண்ணுன்னு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

பட்டு நிற்கவில்லை

பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை அத்தை போன் செய்து, வீட்டுக்கு வந்து பவித்ராவுக்குப் பட்டுச் சேலை கட்டி விடச் சொன்னார். போனால், ஹாலில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து மிக்சர் தின்கிறார்கள். அறைக்குள் பவித்ரா, கையில் பயாலஜி புத்தகம். மறுநாள் பரீட்சை. பதினேழு வயதுப் பிள்ளை. எனக்கு அவ்வளவு கோபம்.

"ஒன்னரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வெளிய கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு அத்தை போனார். கதவைத் தாழ் போட்டேன். சேலையைச் சுற்றி மடிப்பு எடுக்கும்போது பவித்ரா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அக்கா, எனக்கு இன்னும் ரெண்டு பாடம் இருக்கு" என்றாள். நான் எடுத்த மடிப்பை உருவி விட்டேன். மறுபடி எடுத்தேன், மறுபடி உருவினேன். அவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அத்தை கதவைத் தட்டினார். "புதுப் பட்டுங்க, மடிப்பு நிக்க மாட்டேங்குது" என்றேன். நானே கட்டுகிறேன், திற என்றார். "பாவாடையோட நிக்குதுங்க, ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க, எப்படித் திறக்கறது?" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

ராகுகாலம் பிறந்துவிட்டது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர்கள் எழுந்து போனார்கள். பவித்ரா இரண்டாவது பாடத்தை முடித்திருந்தாள். நான் வெளியே வந்ததும் அத்தை தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினார்: "ஒரு சேலை கட்ட ராகுகாலம் வரைக்கும் ஆகுதுன்னா, நீயெல்லாம் எதுக்குடி இந்தத் தொழிலுக்கு வந்த?"

ஞாயிற்றுக்கிழமை

கடைசிப் பரீட்சை அன்று பிள்ளைகள் ஒருத்தர் யூனிஃபார்மில் ஒருத்தர் பேனாவால் எழுதிக்கொள்வார்கள். பவித்ரா நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள், உடம்பெல்லாம் எழுத்து. முதுகில் யாரோ, 'நர்ஸம்மா, ஊசி மெதுவாகப் போடு' என்று எழுதியிருந்தார்கள். "ஞாயித்துக்கிழமை மறுபடி வராங்கக்கா. நீங்க வராதீங்க. வந்தா திட்டெல்லாம் உங்களுக்குத்தான் விழும்" என்றாள். நான் போகவில்லை.

திங்கட்கிழமை அத்தை சண்டைக்கு வந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்திருக்கிறார்கள். பவித்ரா அதைத் தொடவே இல்லை. அந்த எழுதின யூனிஃபார்மோடு, இரட்டைச் சடையோடு, தட்டில் காபியை எடுத்துக்கொண்டு ஹாலில் வந்து நின்றாளாம். மாப்பிள்ளையின் அம்மா காபியைத் தொடவில்லை. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இது. நாளைக்கு யாராச்சும் கேட்டா நாங்க ஸ்டேஷனுக்கு அலையணுமா?" என்று எழுந்துவிட்டார். மூலையில் நின்ற அவள் அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்து, ரிசல்ட் வரட்டும், நர்சிங் சேரட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்று அத்தை என் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கடைசியில் சொன்னார்: "உன்னைக் கூப்பிடாம விட்டது என் தப்பு. லேட்டானாலும் பொண்ணைப் பொண்ணு மாதிரி நிக்க வெச்சிருப்ப!"

இத்தனை சீசனில் என் வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, நான் சேலை கட்டாமல் விட்ட வீட்டிலிருந்துதான் வந்தது.