இரவல் கோட்டு

எனக்குக் கோவையாக எழுத வராது, ஞாபகமும் தப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேக்கா மார்க்கெட் மாடியில் துணி ஆல்டர் செய்து கொடுக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில், படித்து முடிக்கும் பிள்ளைகளை வேலைக்குத் தயார்ப்படுத்தும் ஆபீசிலிருந்து ஒரு பெண் வருவார். இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு அங்கே இரவல் கொடுக்கும் கோட்டுகளைத் தைக்கக் கொண்டுவருவார். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை, கழுத்தில் எப்போதும் ஆபீஸ் அட்டை. தைத்து வாங்கியதும் ஒவ்வொரு கோட்டுப் பையிலும் ஒரு புதினா மிட்டாய் போடுவார்.

"உள்ள போனதும் தொண்டை வறண்டுரும் ஆண்ட்டி," என்பார்.

கடைசியாக ஒரே ஒரு கோட்டோடு வந்தார். கழுத்தில் அட்டை இல்லை.

"இத என் அளவுக்குச் சின்னதாக்குங்க ஆண்ட்டி."

"உங்களுக்கா? நீங்கதானேம்மா பிள்ளைங்கள அனுப்பி வைக்கிறவங்க?"

"இனிமே கம்ப்யூட்டரே சொல்லிக் குடுக்குமாம் லா. போறப்ப பழைய கோட்டு ஒண்ணு எடுத்துக்கச் சொன்னாங்க." சிரித்தார். பிறகு, "பிள்ளைங்களுக்குச் சொன்ன எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன். ஒருத்தரும் கூப்பிடல," என்றார்.

எவ்வளவு பிடித்துத் தைத்தும் தோளில் தொளதொளவென்றுதான் இருந்தது. அன்று அவர் பையில் மிட்டாய் போடவில்லை. என் ஊசி டப்பாவில் அவர் எப்போதோ கொடுத்தது ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கூச்சப்பட்டு நின்றேன், அதற்குள் படியிறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, கோட்டுகளும் வரவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்பதும் மறந்துவிட்டது. தெரிந்தவர்கள் விசாரித்து, அவருக்கு வேலை கிடைத்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.