பிரம்மலோகத்தில் ஒரு பாட்டு நேரம்

பிரம்மாவுக்கு நேரம் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே எங்கள் ஜெயசித்ரா அத்தைதான். அவள் ஷேர் ஆட்டோவைக் கிளப்பினால் கிருதயுகம் பிறக்கும். சாவியைத் திருப்பி அணைத்தால் பிரளயம். சூரியனே தென்காசிக்கு மேலே ஒரு நிமிஷம் நின்று, அத்தை கிளம்பியாச்சா என்று விசாரித்துவிட்டுத்தான் குற்றாலத்துப் பக்கம் இறங்கும்.

அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தென்காசி டு குற்றாலம் அவள் ரூட்டு. இப்போது அந்த ரூட்டில் எந்த ஆட்டோவில் ஏறினாலும் பாட்டுப் பெட்டி அலறுது. அப்போதெல்லாம் சாரல் பக்கவாட்டில் அடிக்க, தலையில் எண்ணெய் வழிகிற ஆட்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு அத்தையின் கதையைத்தான் கேட்போம். அந்த ஈரத்துண்டு வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஆள் நிறையாமல் எடுக்கமாட்டாள். யாராவது அவசரப்பட்டால் ஆரம்பித்துவிடுவாள். ரைவதன் என்று ஒரு ராஜா. மகள் ரேவதிக்கு எந்த மாப்பிள்ளையும் அவர் கண்ணுக்குச் சரிப்படவில்லை. பிரம்மாவையே கேட்போம் என்று மகளோடு பிரம்மலோகம் போனார். அங்கே கச்சேரி. ஒரு பாட்டு முடியட்டும் என்று நின்றார். முடிந்ததும் பிரம்மா சிரித்தாராம். நீ நினைத்துவந்த மாப்பிள்ளைகளும் இல்லை, அவர்கள் பேரன்மாரும் இல்லை, கீழே இருபத்தேழு சதுர்யுகம் ஓடிவிட்டது என்றாராம். ஆட்டோவுக்கு மூணு சக்கரம், காலத்துக்கு நாலு என்பாள் அத்தை: கிருதம், திரேதம், துவாபரம், கலி. நாலும் சேர்ந்து ஒரு சுற்று வந்தால் ஒரு சதுர்யுகம். ஆயிரம் சுற்று போனால் பிரம்மாவுக்கு ஒரு பகல். உங்களுக்கு அஞ்சு நிமிஷம் பொறுக்கலையாக்கும் என்று முடிப்பதற்குள் ஆட்டோ நிறைந்திருக்கும்.

பிரம்மா சிரித்ததோடு கதையை நிறுத்திவிடுவாள், ரேவதிக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று சொல்லமாட்டாள். ஏன் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சிவனணைந்தபெருமாள் தாத்தா பட்டாளத்து ஹவில்தார். அத்தைக்கு வந்த வரன்களை ஆளெடுப்பு மாதிரி அளந்து பார்த்துக் கழித்தார். கடையத்து உமாசங்கரை அத்தைக்குப் பிடித்திருந்தது. சர்க்கார் வேலை கிடைக்கட்டும், பார்ப்போம் என்றார் தாத்தா. பார்த்துக்கொண்டே இருந்தார். உமாசங்கர் வேறு இடத்தில் கல்யாணம் கட்டி, அந்த மனைவியும் தவறி, கடையத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தாத்தாவும் போய்ச் சேர்ந்தாச்சு. அத்தைக்கு வயது நாற்பத்திரண்டு.

எனக்குப் பத்தாம் வகுப்புதான் வரவில்லை, குரல் மாற்றிப் பேச நன்றாக வரும். குற்றாலத்து லாட்ஜ் மேனேஜர் பேசுகிறேன் என்று உமாசங்கருக்கு போன் போட்டேன். மோட்டார் ஓடவில்லை, நாளைக் காலை தென்காசி வந்து, பின்னால் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று எழுதிய ஆட்டோவில் ஏறுங்கள் என்றேன். ரெண்டு பேரும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். இதுவும் தவறினால் அத்தை ஆயுசுக்கும் கதையை அங்கேயேதான் நிறுத்திக்கொண்டிருப்பாள்.

வந்தார். அத்தைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஒடுங்கினேன். பின்சீட்டில் யாரோ அவசரப்படுத்த, அத்தை கதையைச் சொல்லி, பிரம்மாவைச் சிரிக்கவைத்து, வண்டியை எடுத்தாள். மேலகரம் தாண்டியதும் உமாசங்கர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பெறகு பூமிக்குத் திரும்பி வந்தாங்கள்லா? ஜனமெல்லாம் குள்ளமாப் போயிருந்துச்சு, ரேவதி மட்டும் பனை ஒசரம். பிரம்மா கைகாட்டுன மாப்பிள்ள பலராமரு, தன் கலப்பைய அவ தோள்ல வச்சு அமுக்கி, ஒசரத்தக் கொறைச்சுத்தான் கட்டுனாரு. அதச் சொல்லலையே?"

"அமுக்குனா ரேவதி குனிஞ்சிருவாளாக்கும்" என்றாள் அத்தை. "குனியலன்னா?"

"கலப்பையத் தூரப் போட்டுட்டு அண்ணாந்து பாக்க வேண்டியதுதான். கழுத்து வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

அத்தை கியர் மாற்ற மறந்து குற்றாலம் வரைக்கும் இரண்டாவது கியரிலேயே உருட்டினாள். ஒரு ஆள்கூட முணுமுணுக்கவில்லை.

எல்லாரும் இறங்கினார்கள். கூட்டத்தோடு நானும் நழுவினேன்.

"ஏலே மேனேஜரே, நில்லு" என்றாள் அத்தை.

எந்த மேனேஜர், என்ன விஷயம் என்று முழித்தேன்.

"மோட்டார் பாக்க வந்தவரு கையில ஒரு ஸ்பானராவது இருக்கால?"

பார்த்தேன். வெறுங்கை. தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு.

"நேத்து நீ குளிக்கப் போயிருந்தப்ப, மேனேஜரு இருக்காரான்னு இவருகிட்டருந்து போன் வந்துச்சு. நாந்தாம்லே எடுத்தேன். சாமான் பை வேண்டாம், சும்மா வாங்கன்னு சொன்னதும் நாந்தான்."